சவுந்தரம், திருச்சி – பர்மிங்ஹாம்

1

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது திண்டுக்கல்லிலிருந்து என் பழைய முதலாளி சேவியர் சார் கூப்பிட்டார். அவர் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான். நடுவில் அவர் பெயர் போனில் தெரிந்தால் அது நல்ல சேதியாக இருக்காது. டப்பாவை மூடிவிட்டு எடுத்தேன்.

"செல்வி, கடையக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள சாவியக் குடுக்கணும். பலகையக் கழட்டணும். உங்கம்மா பேரு மட்டும் இன்னும் அதுல கெடக்கு. அழிச்சிரவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் உடனே வைக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நெலக்கோட்ட போயி உங்கம்மாவப் பாத்துட்டு வந்தேன். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. ரெண்டு வார்த்த பேசுனா மூச்சு வாங்குது. டாக்டரு நெஞ்சு பலவீனம்கிறாராம். உன்ன வான்னு நான் சொல்லல. பாத்ததச் சொல்லிட்டேன், அம்புட்டுதான்."

அம்மாவிடம் நான் தினமும் பேசுகிறேன். ஒரு நாள்கூட கால் வீங்கியிருப்பதாக அவள் சொல்லவில்லை. போனில் காட்டுவது முகத்தை மட்டும்தானே.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ஏறி வரவேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருப்பேன். இங்கே இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு காகிதம் குறைகிறது என்றார்கள், அனுப்பினோம். அனுப்பிய காகிதம் வந்து சேரவில்லை என்றார்கள், மறுபடியும் அனுப்பினோம். முடிவு வருவதற்குள் நான் நாட்டை விட்டு வெளியே போனால், என் விண்ணப்பத்தை நானே திரும்ப வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வருவதுதான் கேள்வி. வீட்டுக்காரரும் பதின்மூன்று வயது மகளும் இந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம்.

2

அப்பா போன பிறகு அம்மா நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து உதிரியாக விற்று என்னை பி.காம். படிக்க வைத்தாள். படிப்பு முடிந்த கையோடு சேவியர் சாரின் டிராவல்ஸில் சேர்ந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே மாடி அறை. பதினோரு மணிக்கு மேல் தம் போட்ட வாசனை படியேறி வந்துவிடும். வெறும் வயிற்றோடு டிக்கெட் போடுவது பெரிய சித்திரவதை. எட்டு வருஷம் அந்தச் சித்திரவதையை அனுபவித்தேன்.

அந்த அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. எங்கள் டிக்கெட்டில் அன்றைக்கு யார் யார் ஆகாயத்தில் இருக்கிறார்களோ, அவர்கள் பெயரெல்லாம் சாக்பீஸால் எழுதியிருக்கும். பெயர், புறப்படும் ஊர், போய்ச் சேரும் ஊர். ஆள் போய் இறங்கி, வாய் திறந்து பேசி, அந்தக் குரலை வீட்டுக்காரர்கள் கேட்டு, அவர்கள் எங்களுக்குச் சொன்ன பிறகுதான் அழிப்போம். குஜிலியம்பாறையிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்து, மகன் பெயரை அழிக்கும்வரை பெஞ்சில் டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. மழையில்லாத சீமைக்காரர், மொத்தக் காட்டையும் அடகு வைத்து அனுப்பியிருந்தார்.

ஒரு தடவை நான் அவசரப்பட்டேன். "சார், ப்ளைட்டு லேண்ட் ஆயிருச்சுன்னு கம்ப்யூட்டர்லயே காட்டுது. அழிச்சிரலாம்ல?"

"எறங்குனது ப்ளைட்டு. ஆளு எறங்குனாரான்னு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? டஸ்டர அங்கிட்டு வையி."

இன்னொரு வழக்கம், பை திறப்பது. பயணத்துக்கு முந்தின நாள் பையோடு வரச் சொல்வார். "தொறங்க" என்பார். சண்டை வரும். நத்தத்துக்காரர் ஒருவர், "ஏன் சார், நாங்க என்ன கடத்தலா பண்றோம்?" என்று எகிறினார். சார் பதில் சொல்லாமல் மசாலாப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். கசகசா. நம் வீட்டில் குழம்புக்கு அரைக்கிற அதே கசகசா. சில வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஒரு கைப்பிடி இருந்தாலும் உள்ளே தள்ளிவிடுவார்கள். விஷயம் தெரிந்ததும் நத்தத்துக்காரருக்கு வியர்த்துவிட்டது. அப்படி எடுத்ததெல்லாம் ஒரு டப்பாவில் சேர்ந்து, நிறைந்ததும் கீழே பிரியாணிக் கடைக்குப் போகும். அன்றைக்கு மட்டும் எங்களுக்கு இலவசப் பிரியாணி.

கவுன்ட்டரில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். கல்யாணத்துக்கு வருகிறவரும் கேட்பார், வேலைக்குப் போகிறவரும் கேட்பார், இன்னும் கம்மி பண்ணுங்க என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டுவார். விலையே கேட்காமல், "எப்ப ப்ளைட்டு?" என்று மட்டும் ஒருவர் கேட்டால் அது சாவு. சார் அவர்களிடம் காரணம் கேட்க மாட்டார். ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுக்கச் சொல்வார்.

3

எங்கள் தொழிலை அழித்தது யார் என்று கேட்டால், ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது. விமானக் கம்பெனிகள் ஏஜென்டுகளுக்குக் கொடுத்த கமிஷனை முதலில் குறைத்தன, அப்புறம் நிறுத்தின. பின்னாலேயே இன்டர்நெட்டில் தள்ளுபடிக் கம்பெனிகள் வந்தன. ஆட்கள் போனை நீட்டிக்கொண்டு படியேறினார்கள். "சார், இதுல உங்களவிடக் கம்மியாக் காட்டுது."

சார் முதலில் விளக்கிப் பார்த்தார். "இதுல நடுவுல ரெண்டு தடவ மாறணும்ங்க. ஏதாச்சும் ஆனா யாரக் கேப்பீங்க?" என்பார். ஏதாச்சும் ஆகும் என்று யார் நினைக்கிறார்கள்? கம்மி விலை கண்ணுக்குத் தெரிகிறது, ஆகப்போவது தெரிவதில்லை. பலகையில் பெயர்கள் குறைந்தன. ஒரு வாரம் முழுக்கக் காலியாகக் கிடந்தபோது நான் ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். அப்புறம் சார் பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும் ஆதார் பிரிண்ட்டும் என்று இறங்கிவிட்டார். நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஆறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் முருகேசனின் எக்ஸ்ரே டெக்னீஷியன் வேலையைப் பிடித்துக்கொண்டு பர்மிங்ஹாம் வந்து சேர்ந்தேன்.

வந்து என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்கிறீர்களா? அதே தள்ளுபடிக் கம்பெனிகளில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதில் கெட்டிக்காரி. ஒரு கம்பெனியின் டிக்கெட்டை இன்னொரு கம்பெனியின் டிக்கெட்டோடு ஒட்டுப்போட்டு, முழு டிக்கெட்டில் பாதி விலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். நடுவில் இறங்குகிற ஊரில் பயணி குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே போய், பையை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி புதிதாகக் கவுன்ட்டரில் பையைப் போட வேண்டும். முழு டிக்கெட் என்றால் பை தானாகப் போய்ச் சேரும். இந்த வித்தியாசத்தைத் திரையின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருப்போம். சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால்தான் பணம் கட்ட விடும். எல்லாரும் அடிப்பார்கள். படிக்கிறவர்கள் யாரும் இல்லை.

4

போன வருஷம் இதே மாதம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அம்மாவிடம் சொன்னதும் ஒரே பிடிவாதம்.

"ஏத்தா, உனக்குக் கத்தி வைக்கப் போறாங்கங்கிற, நான் இங்கன பூ அள்ளிக்கிட்டுக் கெடக்கவா? டிக்கெட்டப் போடு, வாரேன்."

விசா கிடைத்தது. டிக்கெட் நான்தான் போட்டேன். முழு டிக்கெட்டுக்கு வக்கில்லாமல் இல்லை. கம்மியில் கிடைப்பதைக் கூடக் கொடுத்து வாங்கினால் என் தொழிலுக்கே அசிங்கம் என்கிற திமிர். திருச்சியிலிருந்து வளைகுடா ஊர் ஒன்று, அங்கிருந்து வேறு கம்பெனியில் பர்மிங்ஹாம். நடு ஊருக்கு டிரான்சிட் விசா வாங்கினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் இரண்டு பக்கமும் சக்கர நாற்காலி சொல்லிவைத்தேன். நம் பெற்றோர்கள் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் தள்ளுகிறவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அம்மாவுக்குக் கோபம். "காலு கையி நல்லாருக்கையில எதுக்குடி வண்டி? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

யார் வந்து தள்ளினாலும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். பையில் என்ன என்று கேட்டேன். பத்தியச் சாமான் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். எட்டு வருஷம் ஊரார் பையையெல்லாம் திறக்கச் சொன்னவள், பெற்றவளின் பையில் என்ன பத்தியம் என்று கேட்கவில்லை. என் புத்தி இங்கிலாந்தில் இருந்தது. இங்கே கசகசா கடையில் தாராளமாக விற்கிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மா பஸ் ஏறி சேவியர் சாரிடம் போயிருக்கிறாள். "சார், நம்ம செல்வியே டிக்கெட்டுப் போட்டுருச்சு. இருந்தாலும் பலகையில எம்பேர எழுதிருங்க. எழுதுனாத்தான் எனக்குத் தெம்பா இருக்கும்." அவர் எழுதினார். சவுந்தரம், திருச்சி – பர்மிங்ஹாம். பலகை முழுக்க அந்த ஒரே பெயர்.

மறுநாள் என் மகள் மிதுனா போனில் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மம், பாட்டியோட ஃபர்ஸ்ட் ப்ளைட் லேண்டட். பச்சையாக் காட்டுது." கொஞ்ச நேரம் கழித்து, "செகண்ட் ப்ளைட்டும் கிளம்பிடுச்சு." நான் சோறு வடித்து வைத்துவிட்டு, முருகேசனையும் மிதுனாவையும் கூட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். கடைசியாக விமானப் பணிப்பெண்களும் வந்தார்கள். அம்மா வரவில்லை.

கவுன்ட்டரில், அந்தப் பெயரில் யாரும் ஏறவே இல்லை என்றார்கள். முதல் கம்பெனிக்கு அடித்தால், நாங்கள் பத்திரமாக இறக்கிவிட்டோம், எங்கள் டிக்கெட் அத்தோடு முடிந்தது என்றார்கள். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். கடைசியில் பைத்தியக்காரி மாதிரி எங்கள் கம்பெனியின் புகார் எண்ணுக்கே அடித்தேன். எடுத்த பெண் ஒரு வாசகத்தைப் படித்தாள். தனித்தனி டிக்கெட்டுகளுக்கு இடையில் நடப்பவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. அந்த வாசகத்தை எழுதிக்கொடுத்தது நான்தான்.

அப்போதுதான் சேவியர் சார் கூப்பிட்டார். "செல்வி, இன்னும் பேர அழிக்கல. அம்மா பேசுனாங்களா?"

"இல்ல சார்."

"எந்த வழியாப் போட்ட?"

ஊரைச் சொன்னேன். நடுவில் பையை எடுத்து மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"பையில கசகசா இருந்துச்சா?"

பத்தியச் சாமான் என்று அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருந்தது. கத்தி வைத்த உடம்புக்குத் தூக்கம் வேண்டும், பாலில் அரைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு பெரிய பொட்டலம் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். முழு டிக்கெட்டாக இருந்தால் அந்தப் பை யார் கண்ணிலும் படாமல் நேராக இங்கே வந்திருக்கும். என் ஒட்டு டிக்கெட்தான் அதை அந்த ஊர்ச் சுங்கக்காரர் முன்னால் கொண்டுபோய் வைத்தது.

மிதுனா தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பட் மம், லேண்டட்னுதானே போட்டிருக்கு?" அவளை ஓங்கி அறையத் தோன்றியது. குழந்தை என்ன செய்யும்.

அந்த வளைகுடா ஏர்போர்ட்டில் ஒரு அதிகாரியைப் போனில் பிடித்தபோது, பதற்றத்தில் எனக்கிருந்த இங்கிலீஷும் ஓடிப்போனது. அது வெறும் பவுடர், தூங்குவதற்கு என்று சொல்லித் தொலைத்தேன். முருகேசன் போனைப் பிடுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை.

சேவியர் சார் வேறு வேலை செய்துகொண்டிருந்தார். பழைய நோட்டுகளை எடுத்து, அந்த ஊருக்கு அவர் ஏற்றிவிட்ட ஆட்கள் ஒவ்வொருவருக்காகக் கூப்பிட்டிருக்கிறார். வேடசந்தூர்க்காரர் ஒருவர் அந்த ஏர்போர்ட்டிலேயே சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவர்தான் அலைந்து விசாரித்து, அம்மாவை எந்த அறையில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார், மொழி தெரிந்த ஆளைக் கூட்டிப்போய், இது சமையல் சாமான் என்று எடுத்துச் சொன்னார். மூன்றாம் நாள் அம்மாவைத் திருச்சிக்கே திருப்பி ஏற்றிவிட்டார்கள். சார் கார் பிடித்துப் போய்க் கூட்டி வந்தார். வழியில் ஆபீசில் செத்த நேரம் உட்கார வைத்துவிட்டு டஸ்டரை எடுத்திருக்கிறார்.

"அழிக்காதீங்க சார்" என்றாளாம் அம்மா. "நான் எங்க போய்ச் சேந்தேன்?"

5

அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று அம்மா இன்றுவரை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "நீ எந்திரிக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேல்ல? அவுக எந்திரி எந்திரின்னு சத்தம் போட்டாக. நான் எந்திரிக்கவே இல்லடி." இதைச் சொல்லிவிட்டு என்னவோ சாமர்த்தியம் காட்டியவள் மாதிரி சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சாரும் என்னிடம் ஒன்று சொன்னார். "அன்னைக்கு உங்கம்மாட்ட, பையக் கொண்டாங்க, பாப்போம்னு கேட்டுருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நம்ம டிக்கெட்டு இல்லையே, எந்த உரிமையில கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. முருகேசன் லீவு போட்டுக் கஞ்சி வைத்தார். ஆறாவது வாரம் வேலைக்குப் போனேன், அதே நாற்காலி, அதே ஒட்டு டிக்கெட். அம்மாவுக்குப் போடணும், கம்மியில் பாருங்க என்று நம் ஆட்கள் யாராவது கேட்டால், பையில் கசகசா இருக்கிறதா என்று கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, வாடிக்கையாளரைப் பயமுறுத்தாதே என்றார்.

மிதுனா பாட்டியிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். திரையைக் காட்டினால், "ஹாய் பாட்டி, சாப்டீங்களா?" என்பாள். பாட்டியோடு அவள் பேசுகிற தமிழ் அதோடு முடிகிறது, மாடிக்கு ஓடிவிடுவாள். கோபித்தால், "வாட் டு ஐ ஈவன் ஸே, மம்?" என்கிறாள். போன வருஷம் அம்மா வந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அவள் இப்படி ஆகியிருக்க மாட்டாள் என்று எனக்கு ஒரு ஆற்றாமை.

6

நேற்று அம்மாவிடம் காலைக் காட்டச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கத்தினேன். போனைத் தாழ்த்திக் காட்டினாள். அது என் அம்மாவின் கால் இல்லை. விடியுமுன் எழுந்து பூ மார்க்கெட்டுக்கு நடந்த கால் அப்படி இருக்காது.

"நான் வாரேம்மா."

"வராதடி." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினாள். "காகிதம் வரட்டும். இம்புட்டு வருசம் இருந்துட்டு இப்பக் கெடுத்துக்கிறாத. எனக்கு ஒண்ணுமில்ல. செத்த நேரம் பொறுத்துக்க."

பதினான்கு மாதத்தை அவள் செத்த நேரம் என்கிறாள்.

முருகேசன் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "திரும்பி வர எவ்வளவு நாளாகும்னு தெரியாதே, செல்வி. விடுவாங்களான்னே தெரியாது" என்றார். போகாதே என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை சேவியர் சாரைக் கூப்பிட்டேன். "சார், அழிக்காதீங்க. அம்மா பேருக்குக் கீழ எம்பேரையும் எழுதுங்க."

"எங்கேருந்து எங்க?"

"பர்மிங்ஹாம் – திருச்சி."

"திரும்ப?"

"அத எழுதாதீங்க சார்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதியிருப்பார் போல. சாக்பீஸ் கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. டிக்கெட்டை நீங்களே போட்டுக் கொடுங்கள் என்றேன். "நான் ப்ளைட் டிக்கெட்டுப் போட்டு மூணு வருசமாச்சும்மா. லைசென்ஸும் போச்சு. நீயே போட்டுக்க. ஒரே டிக்கெட்டாப் போடு." அப்புறம் பழைய பழக்கத்தில் கேட்டார். "பையில என்ன கொண்டு வாரே?"

"ரெண்டு சேலை. வேறொண்ணும் இல்ல சார்."

அவர் ம் என்றார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பள்ளி விடுமுறை, மிதுனா பக்கத்தில் உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தாள். கம்மி விலைகள் வழக்கம்போல மேலே வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கீழே போனேன். எது முதலில் புறப்படுகிறது, எது ஒரே டிக்கெட் என்று மட்டும் பார்த்தேன். நாளைக் காலை ஒன்று இருந்தது. பெயர் அடித்தேன், பாஸ்போர்ட் எண் அடித்தேன், கார்டு எண்ணையும் அடித்தேன். டிக்கெட் வந்துவிட்டது.

மிதுனா எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்கும்? "எவ்ளோ மம்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் விலையைப் பார்க்கவே இல்லை.